34 வருட ஷிஃப்ட் முடிந்து வீட்டில் இருக்கிறேன்: பகல் பொழுதுக்கு எப்படிப் பழகினீர்கள்?

கஞ்சமலை63 (சேலம், கன்னங்குறிச்சி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 63. சேலம் உருக்காலையில் தகடு உருட்டும் பிரிவில் 1988இல் சேர்ந்து 2022இல் ஓய்வு பெற்றேன். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். காலை 6 மணிக்குப் போனால் பிற்பகல் 2 மணிக்கு வருவேன். அடுத்த வாரம் 2 மணிக்குப் போய் இரவு 10க்கு. அதற்கடுத்த வாரம் இரவு முழுக்க வேலை. 34 வருடம் இப்படித்தான் ஓடியது.

ஓய்வு பெற்றதும் இந்தக் கேள்வி வரவில்லை. அம்மா படுக்கையில் இருந்தார்கள். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, இரவில் இரண்டு முறை எழுந்து பார்ப்பது எல்லாம் நான்தான். அதுவும் ஒரு ஷிஃப்ட் மாதிரியே இருந்தது. போன ஐப்பசியில் அம்மா தவறிவிட்டார்கள். மகள் பெங்களூரில் இருக்கிறாள். ஆக, உண்மையில் நான் வீட்டில் சும்மா இருக்க ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது.

காலை 4.40க்கு விழிப்பு வந்துவிடுகிறது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க எழுந்த நேரம் அது. விளக்கைப் போட்டால் வீட்டுக்காரிக்குத் தூக்கம் கெடும் என்று இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானம் கண் சொக்கி இரண்டு மணி நேரம் தூங்கிவிடுகிறேன். இரவு பன்னிரண்டு வரை புரண்டு கொண்டே கிடக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் மனதை அறுக்கிறது. போன மாதம் வேலை ஒன்றும் இல்லாமல் சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். எவர்சில்வர் டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டினேன். பிளாண்டில் அப்படித்தான் வைப்போம், எந்தச் சாமான் எங்கே என்று யார் வந்தாலும் தெரியவேண்டும். மறுநாள் விடியற்காலையில் அவள் கடுகு தேடிக் கிடைக்காமல் நின்றாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அவள் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். 22 வருடமாகத் தைக்கிறாள். பத்து மணிக்கு மேல் தெருப் பெண்கள் அளவு கொடுக்க வருவார்கள். மெஷின் ஹாலில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் "அப்புறம் வரேங்க்கா" என்று வாசலோடு திரும்பிப் போகிறார்கள்.

பென்ஷன் குறைவுதான் என்றாலும் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. உடம்பிலும் பெரிதாக எதுவும் இல்லை. இந்த வீட்டின் பகல் எப்படி நடக்கும் என்பதே எனக்குத் தெரியவில்லை, அதுதான் விஷயம். பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

மாங்கனி_நகர்

ஐயா, எங்கள் அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் தூக்கம் இப்படித்தான் இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. காலையில் விடிந்ததும் வெளியே போய் அரை மணி நேரமாவது வெளிச்சத்தில் இருங்கள், பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், பிற்பகலுக்கு மேல் காபி வேண்டாம், இந்த மூன்றும்தான் சொன்னார். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் திரும்பி நேராகுமாம். அப்பாவுக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. கன்னங்குறிச்சி என்கிறீர்கள், மூக்கனேரி பக்கத்திலேயே இருக்கிறதே. இருட்டில் உட்காராமல் ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள்.

---

நாகலூர்_டீச்சர் (ஏற்காடு)

தம்பி, எனக்கு 68 வயது. மலையில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை உங்கள் வீட்டம்மா பக்கம் நின்று படித்தேன், ஏனென்றால் நான் அந்தப் பக்கத்தில் இருந்தவள்.

நீங்கள் இரவு வேலைக்குப் போன வாரங்களில் அவர்கள் பகலெல்லாம் சத்தம் போடாமல் நடந்திருப்பார்கள். குக்கர் விசில் உங்களை எழுப்பிவிடக் கூடாது என்று பார்த்திருப்பார்கள். மெஷினைக்கூட நிறுத்தி வைத்திருப்பார்கள். அதற்கு நடுவில் ஒரு தொழிலைக் கட்டி, வாடிக்கை பிடித்து, இன்ன நேரத்தில் இன்னது என்று ஒரு நாளை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அலமாரியும் அதில் ஒரு பங்கு. இருட்டில் கை நீட்டினால் கடுகு கிடைக்கவேண்டும் என்று வைத்த இடம் அது. நீங்கள் பேர் எழுதி ஒட்டியபோது, இத்தனை வருடம் வைத்திருந்தது சரியில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. அவர்களுக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் திட்டாமல் அழுதிருக்கிறார்கள்.

முதலில் அந்தச் சீட்டுகளைக் கிழித்துவிட்டு, "எது எங்கே இருந்ததோ அங்கேயே வை, நான் எடுத்துத் தருகிறேன்" என்று கேளுங்கள். அப்புறம், பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஹாலில் இருக்காதீர்கள். உங்களைத் துரத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அளவு கொடுக்க வரும் பெண்ணுக்கு ஆண் இருக்கும் வீடு வேறு, இல்லாத வீடு வேறு.

எங்கள் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர், இன்றைக்கும் எங்கள் சோறு அதில்தான். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. என் வீட்டுக்காரர் மிளகுக்கு ஏணியில் ஏறுவதில் கெட்டிக்காரர். ஆறு வருடத்துக்கு முன் ஏணி சறுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்தது. இனி ஏணி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் ஒடிந்து போனார். கால் கூடின பிறகும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். ஏறுகிற ஆட்களைக் கீழேயிருந்து கத்திக்கொண்டே இருப்பார், "அந்தக் கொத்தை விட்டுட்டே, இந்தக் கொத்தை விட்டுட்டே" என்று. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் நின்றுவிட்டார்கள்.

அவரை மாற்றியது நானில்லை. களத்தில் காயும் மிளகுதான். யாராவது நாளுக்கு நாலைந்து தடவை துழாவ வேண்டும், மேகம் கூடினால் உடனே அள்ள வேண்டும். யாரும் இல்லாத ஒரு நாள் மழை இறங்கியது. அவரே ஓடி அள்ளினார். அன்றிலிருந்து களம் அவர் பொறுப்பு. மரத்தில் ஏறுகிறவர்கள் ஏறட்டும், கீழே வந்த மிளகு என்னுடையது என்று சொல்லிவிட்டார். இப்போது பிப்ரவரி கடைசி, களம் நிறைய மிளகு கிடக்கிறது. நான் இதை எழுதும்போது அவர் குச்சியை வைத்துத் துழாவிக் கொண்டிருக்கிறார்.

அந்த விழுதலுக்குப் பிறகு அவருக்கு ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி கொடுத்தார்கள். சுவரில் கை வைத்துக்கொண்டு வலது கால் பத்து எண்ணும் வரை, இடது கால் பத்து எண்ணும் வரை. 65 வயதுக்கு மேல் வாரத்தில் மூன்று நாளாவது இப்படித் தடுமாற்றம் வராமல் நிற்கும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இருக்கிறது. நடந்தால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மார்ச்சில் ஒரு நல்ல மழை பெய்தால் ஒன்பது பத்து நாளில் காப்பி பூக்கும். செடியே தெரியாமல் வெள்ளையாக, மல்லிகை வாசத்தோடு நிற்கும். மூன்று நாலு நாள்தான், அப்புறம் வாடிவிடும். மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஊரே ஏறி வருகிறது, இந்தப் பூவை யாரும் பார்ப்பதில்லை. வீட்டம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். வார நாளில் வாருங்கள்.

---

கொலுசுப்பட்டறை (சிவதாபுரம்)

டீச்சரம்மா சொன்னது சரி. ஆனால் எனக்கு ஒன்று சொல்லவேண்டும். பத்து மணிக்கு வெளியே போய்விடு என்றால், அந்த ஆள் போய் எங்கே உட்காருவார்? டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், மூன்றாம் நாள் வெறுத்துப் போகும். டீச்சரம்மா வீட்டுக்காரருக்கே களம் கிடைத்த பிறகுதானே மனசு நின்றது.

எனக்கு 70. வெள்ளிக் கொலுசு வேலை. எங்களுக்கு ஓய்வு என்று ஒரு தேதி கிடையாது, பென்ஷனும் கிடையாது. கண் மங்கினதும் பற்ற வைக்கும் வேலையை மகனிடம் விட்டேன். நெருப்பை ஊதி ஊதி இருமலும் வந்துவிட்டது. முழுசாக விட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. இப்போது காலையில் இரண்டு மணி நேரம் மணி கோத்துக் கொடுக்கிறேன். பட்டறையில் சின்னப் பசங்களுக்குக் கொடுக்கும் வேலை அது. அதைக் கையில் வாங்கினபோது கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்தில் கூச்சம் போய்விட்டது. சாயங்காலம் ஜோட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து தட்டுவடை செட் சாப்பிடப் போவோம். எனக்குப் பல் இல்லாததால் கடைக்காரத் தம்பி தட்டுவடையை நொறுக்கி, மேலே பீட்ரூட், கேரட் துருவலும் இரண்டு சட்னியும் கூடுதலாகப் போட்டு ஊறவைத்துத் தருவான்.

தம்பி, உன் வீட்டிலேயே ஒரு பட்டறை ஓடுகிறது. அதில் ஒரு வேலை கேள். பெரிய வேலை கேட்காதே, கடைசி வேலையைக் கேள். மேற்பார்வை மட்டும் பார்க்காதே.

---

கஞ்சமலை63

அக்கா, அண்ணா, மாங்கனி நகர்த் தம்பி, மூவருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குக் காரணம், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். ஒரு மாதம் ஆகிறது.

சீட்டுகளைக் கிழித்துவிட்டேன். டப்பாக்களை அவள் சொல்லச் சொல்ல நான் எடுத்துக் கொடுத்தேன். கடுகு டப்பா அடுப்புக்கு இடதுபுறம், மூலையில், கை போகும் உயரத்தில் இருந்திருக்கிறது. பக்கத்தில் சீரகம். இரண்டும் ஒரே அளவு டப்பா, ஆனால் கடுகு டப்பாவின் மூடியில் ஒரு நசுங்கல் இருக்கிறது. இருட்டில் அதைத் தடவித்தான் கண்டுபிடிப்பாளாம். எனக்குத் தெரியவே தெரியாது.

காலையில் ஏரிக்கரைக்குப் போகிறேன். நான் வேலையில் இருந்த காலத்தில் மூக்கனேரி குப்பையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்ததுதான் நினைவில் இருக்கிறது. ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவில் மண் திட்டுகள் போட்டு மரம் வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டுகளில் நீர்க்காகமும் கொக்கும் அடைகின்றன. விடியும்போது சேர்வராயன் மலை முதலில் கறுப்பாகத் தெரிந்து, பிறகு நீலமாகி, பிறகு மரம் மரமாகத் தெரிகிறது. ஷிஃப்ட் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு போன நேரம் இது. அங்கேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். இடது காலில் ஆறு எண்ணுவதற்குள் ஆடுகிறது. தூக்கம் இப்போது பத்தரைக்கு வந்துவிடுகிறது. 4.40 விழிப்பு மட்டும் மாறவில்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா சொன்ன மழை இந்த மாதம் பெய்தது. நாள் எண்ணி, பத்தாம் நாள் ஒரு புதன்கிழமை, கோரிமேட்டில் ஏற்காடு பஸ் ஏறினோம். வெட்கத்தோடு சொல்கிறேன், மலை அடிவாரத்தில் இத்தனை வருடம் குடியிருந்தும் அவளை ஒரே ஒரு தடவைதான் கூட்டிப் போயிருக்கிறேன், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது. என் வார லீவு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அவளுக்குத் தையல் வேலை நெருக்கும், இல்லாவிட்டால் நான் தூங்குவேன். 20 கொண்டை ஊசி வளைவையும் கையில் எலுமிச்சம்பழத்தோடு எண்ணிக்கொண்டே வந்தாள். பதினாலாவது வளைவு தாண்டியதும் ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது, பழத்தைப் பையில் போட்டுவிட்டாள்.

பூவைப் பார்த்தோம். சாலையோரத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். தேனீ இரைச்சல் அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் முந்தானையை மூக்கில் வைத்து எடுத்து, "துணியிலயே வாசம் ஏறிடுச்சுங்க" என்றாள்.

லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் கஞ்சமலை மங்கலாகத் தெரிந்தது. அதோ அதன் அடியில்தான் பிளாண்ட் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க உள்ளாற நீங்க என்னதாங்க பண்ணுனீங்க?" என்று கேட்டாள். கல்யாணமாகி 33 வருடத்தில் அவள் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பாடு, தூக்கம்.

சொன்னேன். சுருளாக வரும் தகட்டை உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கி மெல்லிசாக்குவோம், முன்னாலும் பின்னாலும் ஒரே சமயத்தில் இழுத்துப் பிடித்திருப்போம், இழுப்பு கூடினால் தகடு அறுந்துவிடும், குறைந்தால் நெளிந்துவிடும், எட்டு மணி நேரமும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை என்று சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "பட்டுத் துணி தைக்கறப்ப நானும் அப்படித்தான் புடிப்பேன், இந்தக் கையும் அந்தக் கையும்" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். பஸ் வரும் வரை தையலைப் பற்றியும் தகட்டைப் பற்றியும்தான் பேசினோம்.

கொலுசுப்பட்டறை அண்ணா, வந்த மறுநாள் கேட்டுவிட்டேன். ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும் வேலை கொடுத்திருக்கிறாள். உள் அறையில், ஜன்னல் ஓரத்தில் எனக்கு ஒரு ஸ்டூல். ஹாலுக்குத் திரைச்சீலை போட்டாயிற்று, பத்து மணிக்கு வருகிறவர்கள் இப்போது திரும்பிப் போவதில்லை. முதல் ரவிக்கையில் மூன்றாவது கொக்கி நேராக இல்லை என்று பிரிக்கச் சொன்னாள். பிரித்துத் தைத்தேன். இன்றைக்கு நாலு ரவிக்கை இருக்கிறது, சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும்.