பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்: சில முறைக்குப் பிறகு தொகை மாறி வருகிறது, உதவி தேவை

பெள்ளந்தூர்வாசி:
வணக்கம். நாங்கள் எழுதிவரும் குவெரி என்ஜினில் (தரவு வினவல்களை இயக்கும் மென்பொருள்; போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டிரைவர்களோடு பேசும்) பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் வசதியை, அதாவது ஒருமுறை தயார்செய்த வினவலை மதிப்புகளை மட்டும் மாற்றி மீண்டும் இயக்கும் வசதியைச் சேர்த்திருக்கிறோம். ஒரே வினவலைத் திரும்பத் திரும்ப இயக்கினால், முதலில் 1200 என்று சரியாக வரும் தொகை பிறகு 825372720 என்று வருகிறது. திங்கட்கிழமை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெயநகர் நான்காவது பிளாக்:
எந்த டிரைவர் (நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் மென்பொருள்) வழியாக இணைகிறீர்கள், அந்தப் பத்தியின் வகை என்ன, எத்தனையாவது முறையில் மாறுகிறது என்று எதையுமே சொல்லவில்லையே?

திட்டப்பிரியன்:
இது பிளான் கேஷின் (வினவலை இயக்கும் திட்டத்தைச் சேமித்து வைக்கும் இடம்) கோளாறு என்பதே என் எண்ணம். போஸ்ட்கிரெஸ் முதல் ஐந்து முறை மதிப்புகளைப் பார்த்துத் தனித் திட்டம் போட்டுவிட்டு, அவற்றின் சராசரிச் செலவை எந்த மதிப்புக்கும் பொருந்தும் பொதுத் திட்டத்தின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நீங்களும் அப்படிச் செய்யப்போய், மதிப்புக்கான இடக்குறி $1 இருக்க வேண்டிய இடத்தில் பழைய மதிப்பு உறைந்துபோயிருக்கும்.

மூத்த பயனர்:
பழைய மதிப்பு உறைந்தால் வேறொரு வரிசையின் தொகை வரும், 82 கோடி வராது. போஸ்ட்கிரெஸ் கையேட்டின் வயர் புரோட்டோகால் (டிரைவரும் சர்வரும் செய்தி பரிமாறும் விதிகள்) அத்தியாயத்தை ஒருமுறையாவது படித்துவிட்டு என்ஜின் எழுத உட்காருங்கள் என்று இங்கே எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

திட்டப்பிரியன்:
பொதுத் திட்டத்தால் யாருக்கும் தொல்லை இல்லையென்றால், போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பில், எந்தத் திட்டம் என்று நாமே தேர்ந்தெடுக்க பிளான் கேஷ் மோட் என்ற அமைப்பை ஏன் கொண்டுவந்தார்கள்?

மூத்த பயனர்:
அது வேகத்துக்காக வந்தது. தவறான விடைக்கும் மெதுவான விடைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணருங்கள்.

பெள்ளந்தூர்வாசி:
மன்னிக்கவும். போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி (ஜாவாவுக்கான) டிரைவர், இயல்பான அமைப்புகள், இடையில் பூலர் (இணைப்புகளைப் பகிர்ந்து தரும் மென்பொருள்) இல்லை, பத்தி இன்ட்4 (நான்கு பைட் முழு எண்). எண்ணிப் பார்க்கவில்லை, ஐந்தாறு முறை இருக்கும்.

ஜெயநகர் நான்காவது பிளாக்:
அப்படியானால் விடை உங்கள் எண்ணிலேயே இருக்கிறது. 825372720 என்பதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 31 32 30 30 என்று வரும். அவை '1', '2', '0', '0' என்ற நான்கு எழுத்துகளின் ஆஸ்கி குறிகள் (கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் எண்கள்). நீங்கள் உரையாக அனுப்பிய 1200ஐ டிரைவர் நான்கு பைட் முழு எண்ணாக வாசித்திருக்கிறது. அந்த டிரைவரின் பிரிப்பேர் வரம்பு (எத்தனையாவது முறையில் வினவலைச் சர்வரில் தயார்செய்வது என்ற எண்) இயல்பாகவே ஐந்து. அதைத் தொட்டதும் பெயருள்ள ஸ்டேட்மென்டுக்கு மாறி, விடைகளை உரையாக அல்லாமல் பைனரியில் (நேரடி பைட்டுகளாக) கேட்கத் தொடங்கும். வினவலின் மதிப்புகளை டிரைவர் அனுப்பும் பைண்ட் செய்தியின் கடைசியில் வரும் வடிவக் குறிகளைப் பாருங்கள்: எண்ணிக்கை சுழியம் என்றால் எல்லாம் உரை, ஒன்று என்றால் அந்த ஒரே குறி எல்லாப் பத்திகளுக்கும் பொருந்தும், இல்லையேல் பத்திக்கு ஒன்று. அவற்றைப் படித்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டிருப்பீர்கள். உறுதிசெய்ய வேண்டுமானால் இணைப்பு முகவரியில் பைனரி டிரான்ஸ்பரை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பெள்ளந்தூர்வாசி:
அதேதான், குறிகளைப் பார்த்து பைனரியில் அனுப்பும்படி மாற்றியதும் முழு எண்கள் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. டைம்ஸ்டாம்ப் (தேதியும் நேரமும்) மட்டும் இப்போது 30 ஆண்டு எதிர்காலத்துக்குத் தள்ளிக் காட்டுகிறது.

ஜெயநகர் நான்காவது பிளாக்:
பைனரியில் அது 2000 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் மைக்ரோ வினாடி. நீங்கள் 1970 முதல் எண்ணி அனுப்புகிறீர்கள்.