மழைக்குப் பின் கையை விட்டாலும் ஓடும் மின்மிதிவண்டி: எந்தத் திராட்டலை நம்பி வாங்கலாம்?

கேள்வி

வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடாகிய பழைய லயத்திலேயே குடியிருக்கிறோம். 68 வயதாகும் என் அப்பா நாள்தோறும் செம்பனைக்காட்டு மண்பாதை வழியே மின்மிதிவண்டியில் பசாருக்குப் போய் வருகிறார். வண்டியில் 36 வோல்ட் பேட்டரியும் பின்சக்கரத்திலேயே மோட்டாரும் உள்ளன. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டல், கைப்பிடி முழுவதையும் முறுக்கும் வகை. பேட்டரி அளவைக் காட்டும் சிறு விளக்குகளும் அதிலேயே இருக்கின்றன.

ஓராண்டுக்குள் இரண்டு திராட்டல்களை மாற்றிவிட்டோம். மாலை மழையில் நனைந்தால், மறுநாள் காலையில் கையை விட்ட பிறகும் வண்டி சற்றுத் தூரம் இழுத்துக்கொண்டே போகிறது. சென்ற வாரம் கோவில் வாசலில் இறங்கித் தள்ளும்போது கைப்பிடி தன்னையறியாமல் திரும்ப, வண்டி பாய்ந்து, அப்பா கீழே விழுந்து முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். சற்று விலை கூடினாலும் நம்பகமான ஒன்றை வாங்க விரும்புகிறேன். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

மறுமொழி: ஈப்போவில் மின்பழுது பார்ப்பவர்

தம்பி, முதலில் அப்பா அந்த வண்டியை ஓட்டுவதை நிறுத்திவையுங்கள். மூன்றாவதை வாங்குவதற்கு முன், பழுது திராட்டலில்தானா என்று அளந்து பார்த்துவிட வேண்டும்.

உள்ளே இருப்பது ஒரு சிறிய காந்தமும், அதன் நகர்வை மின்னழுத்தமாக மாற்றும் ஹால் சென்சாரும்தான். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரிலிருந்து திராட்டலுக்கு ஏறத்தாழ 5 வோல்ட் போகும். கையை விட்ட நிலையில் சிக்னல் கம்பியில் 0.8 முதல் 1 வோல்ட் வரையும், முழுதாகத் திருப்பினால் 3.5 வோல்ட்டுக்கு மேலும் திரும்பி வரும். பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரைக்கம்பியிலும் (மின்சாரம் திரும்பிப் போகும் எதிர்முனைக் கம்பி) சிவப்பு முனையைச் சிக்னல் கம்பியிலும் வைத்து, நனைந்திருக்கும்போது ஒருமுறையும் காய்ந்த பின் ஒருமுறையும் அளந்து எழுதுங்கள். கம்பியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அது மாறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தரைக்கம்பி அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். பாதுகாப்பில்லாத கன்ட்ரோலர் அதை முழு வேகம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே, பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் உங்கள் வண்டியில் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள்.

மறுமொழி: கோலகங்சாரிலிருந்து

கோவில் வாசலில் நடந்ததற்கு மழை காரணமில்லை என்றே நினைக்கிறேன். வண்டியைத் தள்ளுபவர் இயல்பாகக் கைப்பிடியைத்தான் பிடிப்பார். அதே கைப்பிடி திராட்டலாகவும் இருந்தால் இது மீண்டும் நடக்கும். நான் பெருவிரலால் அழுத்தும் வகையைப் பயன்படுத்துகிறேன். ஆனால் நெடுந்தூரம் ஓட்டினால் விரல் வலிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு விரல் மூட்டில் வலி உண்டா?

கேட்டவர்

மூட்டுவலி இல்லை ஐயா. அளந்து பார்த்தேன். காய்ந்த நிலையில் 0.9 வோல்ட், நேற்று மழையில் நனைந்த பின், கையை விட்ட நிலையிலேயே 1.5 வரை ஏறி இறங்குகிறது. இணைப்பானைப் பிரித்தபோது உள்முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. பிரேக் கட்-ஆஃப் கம்பிகள் கன்ட்ரோலரில் இணைக்கப்படாமலேயே கிடக்கின்றன.

மறுமொழி: ஈப்போவில் மின்பழுது பார்ப்பவர்

அப்படியானால் மழைக்குப் பின் வண்டி இழுப்பதற்கு ஈரந்தான் காரணம். பல கன்ட்ரோலர்கள் 1.2 வோல்ட்டைத் தாண்டியதுமே மோட்டாரை ஓட்டத் தொடங்கிவிடும்.

பெருவிரல் வகையையே வாங்குங்கள்; ஆனால் விளக்குகள் இல்லாததாகப் பாருங்கள். அந்த விளக்குகளுக்காக 36 வோல்ட் கம்பியும் 5 வோல்ட் கம்பியோடு அதே கூட்டுக்குள் போகிறது. தண்ணீர் புகுந்து இரண்டும் கசிந்து கலந்தால் கன்ட்ரோலரே எரிந்துபோகலாம். கடையில் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விட்டுப் பாருங்கள்: மெதுவாக விட்டாலும் நெம்பு தயங்காமல் தொடக்க நிலைக்குத் திரும்ப வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்ததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ரப்பர் வளையமுள்ள, நீர்புகாத மூன்றுமுனை இணைப்பானாக இருக்கட்டும். இணைப்பான் பொருந்திவிட்டது என்பதற்காக உள்ளே கம்பி வரிசையும் பொருந்தும் என்று எண்ணாமல், மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முனையையும் சரிபாருங்கள். பூட்டும்போது கம்பி ஓரிடத்தில் கீழ்நோக்கி வளைந்து தொங்கட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், இணைப்பான் வரை ஓடிவராது.

பிரேக் கட்-ஆஃப் கம்பிகளை இணைக்காமல் அப்பாவிடம் வண்டியைக் கொடுக்கவே கூடாது. திராட்டலின் விலையைவிட அதுவே முக்கியம்.

கேட்டவர்

விளக்கில்லாத பெருவிரல் வகை ஒன்றை ஈப்போவில் வாங்கிப் பூட்டிவிட்டேன். பிரேக் கட்-ஆஃப் சுவிட்சுகளையும் இணைத்து, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி முழு வேகத்தில் ஓடவிட்டுப் பிரேக்கைப் பிடித்தேன். மோட்டார் உடனே நின்றது. வாளித் தண்ணீரைக் கைப்பிடிமேல் ஊற்றி அரைமணி நேரம் கழித்து அளந்தபோதும் 0.85 வோல்ட்டிலேயே இருந்தது. அப்பாவின் முழங்கால் ஆறியதும் முதலில் லயத்துத் திடலில் ஓட்டிப் பழகச் சொல்லியிருக்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.