மறுமொழி: டூல் டிஸ்கிரிப்ஷனுக்குக் ‘கருவி விளக்கம்’ போதுமா?

வணக்கம் நண்பர்களே,

செயற்கை நுண்ணறிவுக்கு நாம் கொடுக்கும் கருவிகளோடு (அது அழைத்துப் பயன்படுத்தும் சின்ன நிரல்கள்) எழுதிவைக்கும் ‘டூல் டிஸ்கிரிப்ஷன்’ என்ற உரையைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் வாய்த்தது. இங்கே ஐயா ஒருவர் முதலில் சொன்ன ‘கருவி விளக்கம்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டூல் என்றால் கருவி, அதில் யாருக்கும் சண்டையில்லை. ஆனால் ‘விளக்கம்’ என்ற சொல் போன மாதம் என்னை ஒரு குழியில் தள்ளிவிட்டது. அதைச் சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

செயற்கை நுண்ணறிவு முகவருக்கு, அதாவது நமக்காக வேலைகளைச் செய்யும் ஏஐ ஏஜென்ட்டுக்கு (முகவர் என்றதும் எனக்கு இன்னமும் எல்.ஐ.சி.க்காரர்தான் நினைவுக்கு வருகிறார், அது தனிச் சண்டை) ஒரு கருவியைக் கொடுத்தால், அது நம் நிரலைத் திறந்து பார்ப்பதில்லை. கருவியின் பெயர், சில வரி உரை, என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற அமைப்பு, பெரும்பாலும் இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ ‘ஃபங்ஷன் காலிங்’ (ஏஐ வெளி நிரல்களை அழைக்கும் வசதி) கொண்டுவந்தபோதும் இதுதான், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (ஏஐயைக் கருவிகளோடு இணைக்கும் பொது வழிமுறை) நெறிமுறையிலும் இதுதான். எம்சிபியில் பெயரும் உள்ளீட்டு அமைப்பும் கட்டாயம், நடுவில் இருக்கும் உரை கட்டாயமில்லை. அப்புறம் என்ன, பலரும் ஒரு வரி கிறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

தெரிந்த ஒரு சின்ன நூலகத்துக்காகக் கேள்வி-பதில் முகவர் ஒன்று செய்துகொடுத்தேன். இரண்டே கருவிகள். ஒன்று பட்டியலில் நூலைத் தேடுவது, மற்றது இரவல் நிலையைப் பார்ப்பது. முதலாவதற்கு நான் எழுதியிருந்தது: “நூல் இருக்கிறதா என்று தேடிச் சொல்லும்.” படித்தால் சரியாகத்தானே இருக்கிறது? ஒரு வாசகர் “அந்தச் சித்த மருத்துவப் புத்தகம் இருக்கா?” என்று கேட்டிருக்கிறார், முகவர் பட்டியலைப் பார்த்து “இருக்கிறது” என்று சொல்லியிருக்கிறது, அவர் இரண்டு பேருந்து மாறி வந்து பார்த்தால் புத்தகம் வேறு யார் வீட்டிலோ இருக்கிறது. நூலகத்தின் சொத்தாக இருப்பதும் இப்போது அலமாரியில் இருப்பதும் தமிழில் ஒரே ‘இருக்கிறது’தான். நமக்குச் சூழல் தெரியும், அதற்குத் தெரியாது.

இப்படி மாற்றினேன்: “நூலகப் பட்டியலில் பதிவான நூல்களின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு, நூல் எண் ஆகியவற்றைத் தரும். நூல் இப்போது அலமாரியில் உள்ளதா என்பது இதற்குத் தெரியாது. ‘இருக்கா’, ‘கிடைக்குமா’ என்று கேட்டால் இதில் நூல் எண்ணை எடுத்துக்கொண்டு இரவல் நிலைக் கருவியை அழைக்கவும்.” நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை, சிக்கல் போய்விட்டது. ஒரு கருவிக்கு மூன்று நான்கு வாக்கியமாவது எழுதுங்கள் என்று ஆந்த்ரோபிக் ஆவணங்கள் சொல்வதை அதன் பிறகுதான் மதிக்க ஆரம்பித்தேன்.

இதில் பாருங்கள், முதல் வரிதான் உண்மையில் விளக்கம். மற்ற இரண்டும் விளக்கமே இல்லை. இதற்கு எது தெரியாது, எப்போது இதை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் அவை. ‘விளக்கம்’ என்று பெயர் வைத்தால் எழுதுகிறவர் கை தானாகவே “இது என்ன செய்யும்” என்பதோடு நின்றுவிடும், என் கை அப்படித்தான் நின்றது. யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘விவரணம்’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே விவரணப்படம் என்று ஏற்கெனவே புழங்குகிறது, அதுவும் இருப்பதைக் காட்டுவதுதான். ‘குறிப்பு’ ரொம்பப் பொது. சமையல் குறிப்பு, அடிக்குறிப்பு என்று எல்லா இடத்திலும் கிடக்கிறது.

நேற்று ஒருவர் விளையாட்டாகப் ‘பாயிரம்’ (பழைய நூல்களின் முன்னுரை) என்றாரே, எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்தி கேட்கிறது, அதில் நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் நான்கும் அப்படியே இங்கே பொருந்தும். எல்லை என்றும் ஒன்று உண்டு, ஆனால் அங்கே அது நூல் வழங்கும் நிலப்பரப்பு, நான் மேலே சொன்ன ‘இதற்கு எது தெரியாது’ என்ற எல்லை வேறு, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். இருந்தாலும் கல்லூரி முடித்து முதல் வேலையில் சேர்ந்த பையனிடம் “இதற்கு ஒரு பாயிரம் எழுது” என்றால் அவன் வெண்பாவா ஆசிரியப்பாவா என்று கேட்பான்.

அதனால் என் பரிந்துரை ‘கருவியுரை’. முன்னுரை, பதவுரை, பொழிப்புரை என்று படிப்பவரைக் கைபிடித்து அழைத்துப்போகும் எழுத்துக்கு ‘உரை’ நம்மிடம் பழகிய சொல். இங்கே படிப்பது இயந்திரம், அவ்வளவுதான். ‘டெக்ஸ்ட்’டுக்கும் உரை என்றுதானே சொல்கிறோம், குழம்பாதா என்று கேட்பீர்கள். தனியாக நின்றால் குழம்பும், ‘கருவி’யோடு ஒட்டிவிட்டால் குழம்பாது. பிராசசருக்கும் ஆப்புக்கும் ‘செயலி’ என்ற ஒரே சொல்லை வைத்துத் தவிக்கிறோமே, அந்த அளவுக்கு இது மோசமில்லை. முன்னும் பின்னும் சொல் சேர்க்கவும் வளையும்: கருவியுரைத் திருத்தம், பொய்க் கருவியுரை. கடைசியாகச் சொன்னதற்குத் தேவையும் வந்துவிட்டது. கருவியுரைக்குள் திருட்டுக் கட்டளையை ஒளித்துவைத்து முகவரை ஏமாற்ற முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025இல் காட்டிவிட்டார்கள். அது வெறும் விளக்கமாக இருந்தால் அதற்கு யார் கீழ்ப்படியப் போகிறார்கள்?

இன்னொன்று. ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் இரண்டிலும் கருவியின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், கோடுகள் மட்டும்தான் செல்லும். உரையில் தமிழ் தாராளமாகச் செல்லும். டோக்கன் (உரையை ஏஐ வெட்டி எண்ணும் துண்டு) கூடுதலாகச் செலவாகும், அதுவும் ஒவ்வொரு முறையும் கூடவே போகும், தெரியும். ஆனாலும் ‘இருக்கா’ போன்ற தமிழ்க் கேள்விகளுக்கு வரும் முகவர் என்றால் அந்தச் சொற்களையாவது தமிழிலேயே உள்ளே போட்டுவிடுங்கள்.

மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நம் கலைச்சொல் பட்டியலில் ‘கருவியுரை’யைச் சேர்த்துவிடுகிறேன். ஒரு கேள்வி மிச்சம்: ஒவ்வோர் அளவுருவுக்கும் (பாராமீட்டர், அதாவது கருவி கேட்கும் உள்ளீடு) பக்கத்தில் எழுதும் அந்த ஒரு வரி (“ஆசிரியர் பெயர், இனிஷியல் இல்லாமல்” என்பது மாதிரி), அதற்கும் இதே சொல்லா, தனிச்சொல்லா? இப்போதைக்கு ‘அளவுருக் குறிப்பு’ என்று போட்டிருக்கிறேன், எனக்கே அது பிடிக்கவில்லை.