கார்வெட் மாடலின் வெள்ளை உடம்பில் துரு ஒழுகல் இயல்பாக வரவில்லை, உதவி வேண்டும்

மெரிபேங்க்_மாடல் (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். ரெவெல் கம்பெனியின் 1/144 அளவு பிளாஸ்டிக் மாடல், ஃப்ளவர் கிளாஸ் கார்வெட் (இரண்டாம் உலகப்போரில் வணிகக் கப்பல்களுக்குத் துணை போன சிறு போர்க்கப்பல்), ஸ்னோபெரி, மூன்று மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். வெஸ்டர்ன் அப்ரோச்சஸ் என்ற அட்லாண்டிக் போர்க்கால நிறத்தில், அதாவது வெள்ளை அடித்து, அதன் மேல் வெளிர் நீலப் பட்டைகள். அதுவரை நன்றாகவே வந்தது.

போன ஞாயிறு இரவு பிள்ளைகள் தூங்கியதும் சமையலறை மேசையில் துரு வேலையை ஆரம்பித்தேன். எனாமல் பழுப்பைத் தின்னரில் கரைத்து, நங்கூரத் துளைக்குக் கீழும் தளத்துத் தண்ணீர் வடிகிற ஸ்கப்பர் ஓட்டைகளுக்குக் கீழும் தூரிகையால் இழுத்தேன். ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர் அகலம் இருக்கும். எல்லாம் ஒரே நிறம், ஒரே நீளம். காய்ந்த பிறகு பார்த்தால் வேலிக் கம்பி நட்டது மாதிரி வரிசையாக நிற்கிறது. துடைத்துவிடலாம் என்று தின்னர் நனைத்த பஞ்சை வைத்தேன். அடியில் இருந்த வெள்ளையும் சேர்ந்து வந்துவிட்டது. இடது பக்கம், முன்புறத்தில், ஐந்து ராண்ட் நாணயம் அளவுக்குச் சாம்பல் ப்ரைமர் (அடிப்பூச்சு) தெரிகிறது.

அந்த இடத்தை எப்படிச் சரிசெய்வது? துரு எவ்வளவு போட்டால் போதும்? தண்ணீருக்கு அடியில் இருக்கும் சிவப்புப் பகுதிக்கும் துரு போட வேண்டுமா? அப்புறம், ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன், பனி படிந்தது மாதிரி வெளுத்துவிட்டது. அது ஏன்?

பள்ளியில் படிக்கும்போது மேரிடைம் மியூசியத்தில் எஸ்.ஏ.எஸ். டர்பன் கப்பலைக் காட்டினார்கள். அன்று எடுத்த படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத் துரு போடலாமா?

மாரிட்ஸ்பர்க்_மணி

தம்பி, முதலில் வார்னிஷ் விஷயம். டர்பனில் பிப்ரவரி மாதம், இரவு நேரம், மழை வேறு. அந்த ஈரக் காற்றில் ஸ்ப்ரே அடித்தால் வெளுக்கத்தான் செய்யும். வெயில் ஏறி ஈரம் குறைந்த நேரமாகப் பார்த்து அடி. வெளுத்த துண்டை எறிய வேண்டாம், அதன் மேல் மெல்லிசாக கிளாஸ் வார்னிஷ் அடித்துப் பார், பெரும்பாலும் தெளிந்துவிடும். அதற்காகப் பெர்க் காற்று, அதாவது மலைப் பக்கமிருந்து இறங்கும் சூடான காற்று, வீசும் நாள் வரை காத்திருக்காதே. அந்தக் காய்ந்த காற்றில் பெயிண்ட் பிளாஸ்டிக்கைத் தொடுவதற்குள் பொடியாகிவிடும், தூசியும் ஒட்டும்.

எனாமல் மேல் எனாமல் போட்டுத் தின்னரால் துடைத்தால் இரண்டும்தான் கரையும். உரிந்த இடத்தின் ஓரத்தை 1000 நம்பர் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய், வெள்ளை அடி, மொத்த உடம்புக்கும் அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷ் கொடு, இரண்டு நாள் விடு. அதற்கு மேல் ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் கலரில் துரு போடு. பிடிக்கவில்லை என்றால் வொயிட் ஸ்பிரிட் (ஆயில் கலரைக் கரைக்கும் திரவம்) தொட்டுத் துடைத்துவிடலாம், அடியில் இருப்பது அசையாது.

துரு எங்கே, எவ்வளவு என்பதற்கு நம் பெயிண்டர் அண்ணன் வரட்டும். அவர் நிஜக் கப்பலில் வேலை பார்த்தவர்.

பழைய_பெயிண்டர் (பிளஃப்)

தம்பி, உன் கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

1973-இல், பதினெட்டு வயதில், டர்பன் துறைமுகத்தில் பெயிண்ட் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் என்னை அனுப்பியது திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு. பிளஃபில் இருந்த திமிங்கில நிலையம் 1975-இல் மூடப்படும் வரை அந்தக் கப்பல்களைச் சுரண்டியும் பூசியும்தான் தொழில் கற்றேன். நீ செய்கிற ஃப்ளவர் கிளாஸ் அந்த வம்சத்தில் வந்த கப்பல். இங்கிலாந்தில் ஸ்மித்ஸ் டாக் கம்பெனி, தான் கட்டிய ‘சதர்ன் பிரைட்’ என்ற திமிங்கிலக் கப்பலை அடிப்படையாக வைத்துத்தான் கார்வெட்டை வரைந்தது. தூக்கி நிற்கும் முன்பக்கம், தாழ்ந்த பின்பக்கம், கடலில் ஓயாத உருளல், எல்லாம் அங்கிருந்து வந்தவை. அதனால் அதன் உடம்பில் துரு எங்கே பிடிக்கும் என்பது என் கைக்கே தெரியும்.

துரு கோடாகப் பிறப்பதில்லை, தம்பி. ஓர் இடத்தில் பெயிண்ட் உடைய வேண்டும். அங்கே தண்ணீர் தங்க வேண்டும். பிறகுதான் அது ஒழுகும். நங்கூரம் ஏறி இறங்கும்போது அதன் நகம் தட்டுகிற இடம், தகடு மேல் தகடு ஏறும் விளிம்பு, ஆணித் தலைகள், ஸ்கப்பர் வாயின் கீழ் உதடு. முதலில் அங்கே ஊசி முனையால் கரும்பழுப்புப் புள்ளி வை. அந்தப் புள்ளியிலிருந்து மட்டும் கீழே இழு. மேலே அடர்த்தி, இறங்க இறங்க ஆரஞ்சாகி, கடைசியில் வெறும் அழுக்குச் சாயலாக மறைய வேண்டும். பத்து ஸ்கப்பர் இருந்தால் நான்குக்குப் போடு. அதிலும் ஒன்று மட்டும் நீளமாக இருக்கட்டும்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார். 1/144-இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 14 சென்டிமீட்டருக்கும் மேல். உன் மூன்று மில்லிமீட்டர் கோடு நிஜக் கப்பலில் 43 சென்டிமீட்டர், என் தோள் அகலம். அப்படி ஒரு பட்டையை நான் கைவிடப்பட்ட கப்பலில்தான் பார்த்திருக்கிறேன். ஒழுகல் கால் மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஆயில் கலரில் பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் என்ற இரண்டு பழுப்புகளையும் வாங்கி, ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் வை. எண்ணெயை அட்டை குடித்துவிடும், கலர் பளபளக்காது, சீக்கிரமும் காயும். தட்டைத் தூரிகையை வொயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் நன்றாகத் துடைத்த பிறகே இழு.

இப்போது யாரும் கவனிக்காத ஒன்று. நிஜக் கப்பலில் துருவை விட அதிகம் தெரிவது துருவை மறைக்கப் பூசிய பெயிண்ட். துறைமுகத்தில் இரண்டு நாள் கிடைத்தால் பக்கவாட்டில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து, சிப்பிங் சுத்தியலால் தட்டி, ப்ரைமர் வைத்து, மேலே பூசுவோம். பலகையில் உட்கார்ந்தவனின் கை எவ்வளவு தூரம் எட்டுமோ அதுவரைதான் புதுப் பெயிண்ட். இந்தப் பக்கம் ஒரு மீட்டர், அந்தப் பக்கம் ஒரு மீட்டர். உன் மாடலில் இரண்டும் சேர்ந்து 14 மில்லிமீட்டர். அந்த அகலத்தில், ஓரம் நேராக இல்லாமல், பழைய வெள்ளையை விடக் கொஞ்சம் சுத்தமான வெள்ளையில் இரண்டு மூன்று திட்டு போடு. உரிந்துபோன இடம் ஐந்து ராண்ட் நாணயம் அளவு என்றாய். அதை அடுத்தடுத்து அப்படி இரண்டு திட்டாக்கு. முன்பக்கம் நங்கூரத்துக்குக் கிட்டே அப்படி ஒன்று இருப்பதுதான் இயல்பு.

எஸ்.ஏ.எஸ். டர்பன் படத்தைத் துருவுக்கு வைத்துக்கொள்ளாதே. அது ‘டன்’ (Ton) கிளாஸ் கண்ணிவாரி, கடலில் வைத்த வெடிகண்ணிகளை அகற்றும் கப்பல். காந்தக் கண்ணிகள் அதை உணரக்கூடாது என்பதற்காக உடம்பை மஹாகனி மரத்தில் கட்டினார்கள். மரம் துருப்பிடிக்காது. அதே மியூசியத்தின் ஜே.ஆர். மோர் இழுவைக் கப்பல் இரும்பு. அதன் படம் இருந்தால் ரப்பர் தடுப்புகள் உரசும் பக்கத்தைப் பார்.

அடிப்பகுதி: தண்ணீருக்குள் இருந்து டாக்கில் ஏறும் கப்பலில் நீ முதலில் பார்ப்பது பாசியும் சிப்பியும். நீர்மட்டக் கோட்டை ஒட்டிப் பச்சை கலந்த பழுப்பில், நிஜக் கப்பல் கணக்கில் ஒரு கை அகலம் கொடு. அதற்குக் கீழே சிவப்பை அங்கங்கே கொஞ்சம் மங்க வை, போதும்.

எதற்கும் முன்னால் ஒன்றை முடிவு செய். உன் கப்பல் கரையை விட்டு எத்தனை நாள் ஆயிற்று? மூன்று நாள் என்றால் திட்டுகள் நிறைய, ஒழுகல் குறைவு. மூன்று வாரம் என்றால் திட்டின் ஓரங்களிலேயே புதுத் துரு, உப்பு காய்ந்த சாம்பல் வெளுப்பு, எல்லாம் வரும். இதை முடிவு செய்யாமல் தூரிகையைத் தொட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

மெரிபேங்க்_மாடல்

அண்ணே, இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பதினெட்டு நாள் என்று முடிவு செய்தேன். ஹாலிஃபாக்ஸ் பக்கமிருந்து கிளம்பி, கான்வாயோடு (வணிகக் கப்பல் கூட்டத்தோடு) அட்லாண்டிக்கைத் தாண்டி, கரை தெரிகிற நேரம்.

மணி அண்ணன் சொன்னபடி வார்னிஷ் காலை பத்து மணிக்கு அடித்தேன், வெளுக்கவில்லை. இடது பக்கம் மூன்று திட்டு. வெள்ளையோடு ஒரு துளி சாம்பல் கலந்து உடம்பு முழுக்க மெல்லிசாக ஓட்டிவிட்டு, திட்டுகளை மட்டும் சுத்த வெள்ளையில் விட்டேன். நங்கூரத்துக்குக் கீழே ஒரு ஒழுகல் மட்டும் நீளம். என் மனைவி பார்த்துவிட்டு, “இந்த இடத்தை யார் சுரண்டிப் பூசினது?” என்று கேட்டாள். அண்ணே, அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு.

இன்னும் ஒன்று. பின்பக்கம் டெப்த் சார்ஜ் (நீர்மூழ்கிகளைத் தாக்கக் கடலில் போடும் குண்டு) உருண்டு போகும் கம்பிகள் இருக்கின்றனவே, அவற்றைத் துருவாக்கலாமா?

பழைய_பெயிண்டர்

வேண்டாம். எப்போதும் உரசிக்கொண்டிருக்கும் இரும்பு துருப்பிடிக்காது, பளபளக்கும். கம்பியின் மேல் விளிம்பில் 2பி பென்சிலை ஒருமுறை ஓட்டு, இரும்பு வந்துவிடும். துரு, கம்பியைத் தளத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளின் அடியில் மட்டும். அங்கேதான் தண்ணீர் தேங்கும். வலது பக்கம் முடிந்ததும் படம் போடு. இரண்டு பக்கத்துத் திட்டுகளும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்.