ஹூவர் கான்ஸ்டலேஷன்: ஷாஃப்டைவிட்டு வராத ஃபேன்

கம்பம் பக்கம் கூடலூரில் இருக்கிறேன். குமுளி தாண்டி ஒரு ஏலத்தோட்ட பங்களாவைக் காலி செய்தபோது ஹூவர் கான்ஸ்டலேஷன் வேக்குவம் கிளீனர் ஒன்று கிடைத்தது. பந்து மாதிரி உருண்டையாக, தான் வெளியேற்றும் காற்றின் மேலேயே மிதந்து வருமே, 1950களில் வந்த அந்த மாடல்தான்.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் பேரிங் உறுமுகிறது. அதை மாற்ற, மேலே இருக்கும் அலுமினிய ஃபேனைக் கழற்றியாக வேண்டும். நட்டு வந்துவிட்டது. ஃபேன் மட்டும் இம்மியும் அசையவில்லை. எஃகு ஷாஃப்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. மலை ஈரத்தின் வேலை.

போன மாதம் முழுக்க, இறுகியதை இளக்கும் ஸ்ப்ரே எண்ணெயான டபிள்யூடி-40 விட்டு ஊறவைத்தேன். அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும் என்பதால் ஹேர் டிரையரில் சூடும் காட்டியாயிற்று. ப்ளோ டார்ச் வைக்க வழியில்லை, அடியிலேயே மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) இருக்கிறது. இரண்டு கால் புல்லர் (இரு பக்கமும் கொக்கி மாட்டி இழுக்கும் கருவி) போட்டால் ஃபேனின் ஓரத் தகடு வளையப் பார்க்கிறது, அதோடு நிறுத்திவிட்டேன். லேத்துக்காரர் கட்டிங் வீலோடு தயாராக நிற்கிறார். அவருக்கென்ன, மாற்று ஃபேனுக்கு நான் எங்கே போவேன்?

தகடு வளையாமல் இந்த ஃபேனை ஷாஃப்டிலிருந்து உருவுவது எப்படி?