தனி ஆளா ஷெட் போட்டவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க, முதல்ல என் கதை

கிணத்துக்கடவு பக்கம் நம்ம ஊரு. வேலை ஒரு மில்லுல கணக்கு எழுதறது, அதனால இரும்புக்கும் எனக்கும் சம்பந்தமே கெடையாது, ஆனா ஆறு வருசம் முன்னாடி ஒரு பழைய மஹிந்திரா எம்எம் 540 வாங்கிப்போட்டேன், அதான் இந்த பிஜோ 2112 சிசி டீசல் இஞ்சின் வருமே அது. ஃப்ளோர் பூரா துரு, கால வெச்சா ரோடு தெரியும். பாடிய கழட்டி சேஸிய தனியா வெச்சு தார்ப்பாய் போட்டு மூடுனேன், ஒரு ஐப்பசி மழை தாங்கல. தார்ப்பாய்க்குள்ள வேர்த்து வேர்த்து, மூடாம விட்டிருந்தாக்கூட அவ்வளவு துரு ஏறிருக்காது. அப்பதான் முடிவு பண்ணேன், மொதல்ல ஷெட்டு, அப்புறம் ஜீப்பு.

ஃபேப்ரிகேசன் ஆளுங்ககிட்ட ரேட் கேட்டேன், சொன்னதக் கேட்டு இன்னொரு ஜீப்பே வாங்கிறலாம்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும்தான் நமக்கு கையில, சரி நாமளே போட்டுடலாம்னு ஒரு 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மிசின், ஒரு 4 இன்ச் கிரைண்டர், ஒரு டன் வரைக்கும் தூக்கற செயின் பிளாக் வாங்கி ஆரம்பிச்சதுதான். ரெண்டு சீட்டு தவிர மத்ததெல்லாம் முடிக்க பதினாலு மாசம் ஆச்சுங்க. பக்கத்து தோட்டத்துக்காரர் தெனமும் வந்து "ஏனுங் தம்பி, நாலு ஆள வெச்சா நாலு நாளு வேலைங்களே"ம்பாரு. அவரு சொன்னது தப்பில்ல.

அளவு 20க்கு 30 அடி, பத்தடிக்கு ஒரு ஜோடி தூணு, மொத்தம் எட்டு. மூலைமட்டம் புடிக்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச 3-4-5 கணக்குதான் (ஒரு பக்கம் 3 அடி, ஒரு பக்கம் 4 அடி, குறுக்க 5 அடி), ஆனா அத மட்டும் நம்பாதீங்க, குறுக்க ரெண்டு மூலையையும் டேப் புடிச்சுப் பாருங்க, 36 அடியும் முக்கா இன்ச்சுக்கு ஒரு நூல் (அரைக்கா இன்ச்சு) கம்மியாவும் வரணும், எனக்கு மொதத் தடவ ரெண்டு மூலைக்கும் நாலு இன்ச்சு வித்தியாசம் வந்துச்சு. தனியா டேப் புடிக்கறதுன்னா ஒரு முனைய ஆணியில மாட்டிட்டு அந்தப்பக்கம் ஓடணும், திரும்பி வர்றதுக்குள்ள நாய் வந்து இழுத்துப்போடும். மட்டத்துக்கு டியூப்புல தண்ணி ஊத்திப் பாத்தேன். எங்க மண்ணு பாதி கரிசல், மழைக்கு உப்பும் வெயிலுக்கு வெடிக்கும், அதனால குழிய மூணடிக்கு மேல தோண்டி கெட்டி மண்ணு வந்தப்புறம்தான் காங்கிரீட். ஃபவுண்டேசன் போல்ட்டுக்கு பிளைவுட்டுல அச்சு வெட்டி அதுல நாலு போல்ட்டையும் மாட்டி ஊத்தணும், அச்சு இல்லாம ஊத்துன மொதக் குழிய அப்புறம் பேஸ் பிளேட் (தூணோட அடித்தகடு) ஓட்டைய தீட்டித்தீட்டி ஒப்பேத்துனேன், இப்பவும் அந்தத் தூணப் பாத்தா வெக்கமா இருக்கும்.

தூணு நாலுக்கு நாலு இன்ச் ஸ்கொயர் பைப்பு, 4 எம்எம் கனம். மீட்டருக்கு 12 கிலோகிட்ட வரும், பன்னண்டு அடி தூணுன்னா 43 கிலோ. அது ஒரு ஆளு நிமித்தலாம், கொஞ்சம் கொஞ்சமா முட்டுக் குடுத்து. கூரையத் தாங்கற முக்கோணச் சட்டம் இருக்கே, அந்த ட்ரஸ்தான் எமன். ரெண்டுக்கு ரெண்டு பைப்புல 20 அடி ட்ரஸ், ஒன்னு 75 கிலோ, வெயிட்ட விட நீளம்தான் பிரச்சன, ஒரு பக்கம் தூக்குனா மறுபக்கம் உருண்டுக்கும். இதுக்கு நான் மூணு வாரம் ஒன்னுமே பண்ணாம பேப்பர்ல படம் போட்டுட்டே உக்காந்திருந்தேன்.

கடைசியா பண்ணது இது. ஒவ்வொரு தூணுலயும் பக்கவாட்டுல ரெண்டடிக்கு ஒரு ஆங்கிள் துண்டு தற்காலிகமா டாக் (பொட்டு வெல்டு) வெச்சுட்டேன், படி மாதிரி. தூணு தலைக்கு மேல ஒரு பைப்ப நீட்டி போல்ட் போட்டு அதுல செயின் பிளாக். ட்ரஸ்ஸோட ஒரு முனைய ரெண்டடி தூக்கி படியில உக்கார வெக்கறது, கயித்தக் கட்டறது, இறங்கி பிளாக்கக் கழட்டி மறுபக்கம் மாட்டறது, அங்க ரெண்டடி. திருப்பி இந்தப்பக்கம். தல பாரம்ங்கறதால குப்புற கவுந்துரும், அதனால உச்சிக்கு ரெண்டு பக்கமும் கயிறு. தூண் தலைக்கு வந்ததும் மெதுவா நகத்தி பிளேட் மேல ஏத்தி போல்ட். ஒரு ட்ரஸ்ஸுக்கு ஒரு முழு ஞாயித்துக்கிழம போச்சு. ஆனா நடுவுல எந்த நிமிசமும் விட்டுட்டு டீ குடிக்கப் போலாம், போன் வந்தா எடுக்கலாம், ட்ரஸ் அது பாட்டுக்கு படியில உக்காந்திருக்கும். ஆளு பலம் இல்லங்கறது பெரிய விசயமே இல்லைங்க, பாதியில நிறுத்த முடியாத வேலைய தனியா தொடக்கூடாது, அவ்வளவுதான் நான் கத்துக்கிட்டது. அடுத்த மிஸ்டேக்கெல்லாம் இத மறந்ததாலதான் வந்துச்சு.

என்ன மிஸ்டேக்னா சீட்டு. ட்ரஸ் முடிச்ச ஜோர்ல ஆனி கடைசில கூரை சீட்டு மாட்ட ஏறிட்டேன். எங்க ஊரு பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் வாசல்ல இருக்குன்னு எனக்கு தெரியாதா என்ன, சுத்தி நிக்கற காத்தாடியெல்லாம் எதுக்கு நிக்குது. பன்னண்டடி சீட்டு 15 கிலோ, ஒத்த ஸ்க்ரூ போட்டுட்டு அடுத்தத எடுக்கத் திரும்பறேன், காத்து அடியில பூந்துச்சு, ஸ்க்ரூ ஓட்டையக் கிழிச்சுட்டு சீட்டு பறந்துபோச்சு. நானும் கூடப் போயிருக்கணும், பெல்ட்டு மாட்டிருந்தேன். ஆளு இல்லாத எடத்துல விழுந்துச்சேன்னு ஆண்டவனுக்கு ஒரு தேங்கா.

மறுநா காலைல அந்த பக்கத்து தோட்டத்துக்காரரு பண்ணையத்தாளோட சீட்ட முன்னும் பின்னுமா புடிச்சுட்டு வர்றாரு. "இது உங்குளுதுங்களா, ஒரு தென்னங்கன்னு போச்சு"ன்னாரு, திட்டவே இல்ல. நின்னு மேல பாத்துட்டு "காலைல அஞ்சரைக்கு ஏறுங்க, எட்டு மணிக்கு எறங்கீருங்க, அப்புறம் காத்து உங்குளுது இல்ல"ன்னாரு. அதுக்கப்புறம் அப்படித்தான் பண்ணேன், ஒரு நாளைக்கு ரெண்டு இல்ல மூணு சீட்டு, மாட்டுன சீட்டுக்கு அன்னிக்கே முழு ஸ்க்ரூ. தென்னங்கன்னு ரெண்டா வாங்கிக் குடுத்தேன்.

இன்னும் ரெண்டு சமாச்சாரம் சொல்லீர்றேன். கலர் சீட்ட கிரைண்டர்ல வெட்டாதீங்க. ஓரத்துல கோட்டிங் கருகிரும், அது போக பொறியா தெறிச்ச இரும்புத்தூள் சீட்டு மேலயே ஒட்டிக்கும், மொத மழைக்கே புள்ளி புள்ளியா துரு பூத்து அம்மை போட்ட மாதிரி ஆயிருச்சு எனக்கு. தகரம் வெட்டற கத்திரி போதும். ரெண்டாவது, ராடு ஒட்டிக்குது ஒட்டிக்குதுன்னு மிசின திட்டிட்டிருந்தேன், மிசின் மேல தப்பில்ல, நான் வீட்டுல இருந்து நூறடிக்கு சன்ன வயர இழுத்திருந்தேன், கரண்ட்டு வந்து சேர்றதுக்குள்ள வோல்ட்டேஜ் செத்துருது. தடி கேபிள் போட்டதும் அதே 6013 ராடு வெண்ணெயா ஓடுச்சு.

உங்க கதையும் போடுங்க, முக்கியமா சொதப்புனத.

---

திருச்சில இருந்து. அண்ணா உங்க படி ஐடியா சூப்பர், நான் போட்டது மாடில 10க்கு 12 சின்ன ஷெட்தான், எங்க ஊர்ல தெருவுக்கு ரெண்டு வெல்டர் இருக்காங்க, துவாக்குடி பக்கம் கல்ல எறிஞ்சா ஃபேப்ரிகேசன் கம்பெனி மேலதான் விழும், அங்க பொறந்துட்டு ஆள் வெச்சு பண்றதான்னு வீம்பு. என்கிட்ட இருக்கறது யெஸ்டி பைக்கு ரெண்டு, ரெண்டையும் சேத்து ஒன்னாக்கிட்டு இருக்கேன்.

நான் சொதப்புனது ரெண்டு எடத்துல. ஒன்னு கண்ணு. "ஒரே ஒரு டாக்தானே"ன்னு ஹெல்மெட் போடாம கண்ண மூடிட்டு அடிக்கறது, அதையே முப்பது தடவ பண்ணிருக்கேன் அன்னிக்கு. அப்ப ஒன்னும் தெரியல, ராத்திரி ஒரு மணிக்கு கண்ணுல யாரோ மணலக் கொட்டி தேச்ச மாதிரி, தொறக்க முடியல மூடவும் முடியல. பக்கத்து வீட்டு பாட்டி தாய்ப்பால் விடுன்னாங்க, அம்மா உருளக்கெழங்க சீவி வெச்சாங்க, டாக்டர் ரெண்டையும் கேட்டு சிரிச்சிட்டு இது கருவிழில வெயில் சுட்ட மாதிரிதான், கண்டதயும் கண்ணுல ஊத்தாதன்னு சொட்டு மருந்து குடுத்தாரு, ரெண்டு நாள்ல சரியாச்சு.

இன்னொன்னு ஜிஐ பைப். பழைய தண்ணி பைப் சும்மா கெடக்கேன்னு அதையே கூரைக்கு வெல்ட் பண்ணேன், மேல இருக்கற துத்தநாகத்த தீட்டாம. வெள்ளப் புகை வந்துச்சு, வாய் இனிப்பா இருந்துச்சு, ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கித்தூக்கிப் போட்டுச்சு. மலேரியான்னு நெனச்சு பயந்தாச்சு, மறுநாள் ஒன்னுமே நடக்காத மாதிரி போயிருச்சு. எங்க பெரியப்பா பாய்லர் ஆலைல வெல்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, "புகை குடிச்சியா, நல்லா வேணும்"னு மட்டும் சொன்னாரு. வெல்ட் வர்ற எடத்துல ரெண்டு இன்ச்சுக்கு தீட்டி எடுத்துட்டு காத்துக்கு முதுக காட்டி உக்காரணும்னு அப்புறமா சொல்றாரு, முன்னாடியே சொன்னா என்னவாம்.

ஒரு டவுட்டுண்ணா, இஞ்சின் தூக்க செயின் பிளாக்க ட்ரஸ் நடுவுல மாட்டலாமா? அப்புறம் ஜீப்ப என்ன மாதிரி மாத்தப்போறீங்க, ஆர்டிஓ பிரச்சன வராதா?

---

நான் யாழ்ப்பாணம். வாசிச்சிட்டு எழுதாமல் இருக்கேலாமல் போச்சு. எங்கட அப்பாவின்ர ஒஸ்ரின் ஏ40 ஒண்டு நிக்குது, சண்டை நேரம் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணையில ஓடின கார், இங்க கனபேரின்ர பழைய கார்கள் அப்பிடித்தான் ஓடினது. அதுக்குத்தான் கொட்டில் போட்டனான். இரும்பு எல்லாம் இல்லை, பனைமர வளையும் (குறுக்கு மரம்) தகரமும்தான். தனியத்தான் செய்தனான், ஆனா உங்களை மாதிரி படி வைக்கிற மூளை வரேல்லை, வளை ஒண்டு வழுக்கி காலில விழுந்து பெருவிரல் நகம் போச்சுது. வயிரமான பனைக்கு ஆணி இறங்காது, முதல்ல துளைச்சுப்போட்டுத்தான் அடிக்கவேணும், அது தெரியாமல் ஒரு பெட்டி ஆணியை வளைச்சுப்போட்டன். காருக்கு இப்ப பிரேக் சிலிண்டர் ரப்பர்தான் இல்லை.

---

திருச்சித் தம்பிக்கு. ட்ரஸ்ல மாட்டவே மாட்டாதீங்க. ட்ரஸ் சீட்டத் தாங்கறதுக்கும் காத்தத் தாங்கறதுக்கும்தான், கீழ் பைப்புக்கு நடுவுல இஞ்சினத் தொங்கவிட்டா வாழமட்ட மாதிரி வளையும், எல்லா ஜாயிண்ட்டும் நீங்க போட்ட வெல்டுங்கறத ஞாபகம் வெச்சுக்கோங்க. நான் தனியா ரெண்டு தூணு நட்டு மேல 150 எம்எம் ஐ பீம் போட்டேன், பத்தடி நீளம், பழைய இரும்புக் கடைல எடுத்தது. அந்த பீம மேல ஏத்துனதும் அதே படிதான், 45 கிலோ இருக்கும். மொதத் தடவ இஞ்சின ஒரு அடி தூக்கி நிறுத்திட்டு அரை மணி நேரம் தூர நின்னு பாத்துட்டே இருந்தேன்.

ஆர்டிஓ கேட்டீங்க. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லீருச்சு, கம்பெனி குடுத்த ஸ்பெசிபிகேசனுக்கு மாறா வண்டிய மாத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. அதனால அகல டயரு, ஹைட்டு ஏத்தறதுன்னு நான் போட்டு வெச்சிருந்த படமெல்லாம் பரண்ல. கம்பெனில இருந்து வந்த மாதிரியே கொண்டு வர்றேன், கலரு கூட ஆர்சில இருக்கற அதே கலரு, அப்பதான் எஃப்சிக்கு கொண்டு போய் நிறுத்த முடியும். மொதல்ல வருத்தமா இருந்துச்சு, இப்ப ஃப்ளோர் தகரத்த ஒரிஜினல் மடிப்போட அடிச்சு எடுக்கறது அதவிட கஷ்டமா இருக்கு, வருத்தப்பட நேரமில்ல.

யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு, அந்த பிரேக் ரப்பரோட அளவு மேலயே போட்டிருக்கும், முக்கா இஞ்சு, முக்காலே அரைக்கா இஞ்சுன்னு. பழசு ஒன்னு இருந்தா படம் எடுத்துப் போடுங்க. இங்க அம்பாசடருக்கு ரப்பர் கிட்டு விக்கற கடைல சைஸ் சொல்லி விசாரிச்சுப் பாக்கறேன், செட்டாகுமான்னு பாத்துட்டுத்தான் சொல்வேன், பிரேக் விசயம்.

நாளைக்கு ஞாயிறு, அஞ்சரைக்கு எந்திரிக்கணும். மேக்கால பக்கம் ரெண்டு சீட்டு பாக்கி கெடக்கு இன்னும்.