மறு: பிரைவசிக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது)

வணக்கம். நான் கல்லடியில ஐசிடி படிப்பிக்கிறன். பிள்ளைகள்ட படம், ரிசல்ட்ஸ் எல்லாம் பேஸ்புக்ல போடுறதப் பத்திப் பெற்றோருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் செய்றம். இலங்கையில தனிப்பட்ட தரவப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திரிக்கு எண்டும் எழுதியாச்சு. பிரைவசி எண்ட சொல்லிலதான் நிக்குது. ‘அந்தரங்கம்’ எண்டு போட்ல எழுதினா பத்தாம் ஆண்டுப் பொடியனுகள் சிரிக்கானுகள்.

----
கல்முனையில இருந்து:

டீச்சர், தனியுரிமை எண்டு போடுங்க. போன்ல ‘தனியுரிமைக் கொள்கை’ எண்டுதானே கிடக்கு, பிள்ளைகள் ஒவ்வொருநாளும் பாக்கிற சொல்.

----
திருக்கோவிலில இருந்து:

தம்பி சொல்றது விளங்குது, ஆனா மனம் ஒப்புதில்ல. தனியுரிமை எண்டா ஒருத்தருக்கு மட்டுமே உள்ள உரிமை, ஒரு கம்பனிட ஏகபோகத்துக்கும் அது பொருந்தும். அந்தரங்கத்த வடசொல் எண்டு நான் தள்ளல்ல, நம்மட பக்கம் அந்தரம் எண்டா அவதி, ‘ஏன் அந்தரப்படுறா’ எண்டுதான் கேப்பம், அது வந்து காதில குழப்பும்.

நான் சொல்றது அகவுரிமை. அகத்திணையில, அதான் காதலப் பாடுற பாட்டில, ஒருத்தரையும் சுட்டிப் பேர் சொல்லப்படாது எண்டு தொல்காப்பியர் விதி வெச்சவர். போர், கொடை எண்டு பாடுற புறத்தில ராசாட பேர், ஊர், பூ எல்லாம் வரலாம். நெடுநல்வாடை எண்ட சங்கப் பாட்டப் பாருங்க, அதில பேரே இல்ல, ஆனா வேல்ல வேம்பு கட்டியிருந்தது எண்டு ஒரு அடி வருது, வேம்பு பாண்டியன்ட அடையாளம், அந்த ஒண்டுக்காக உரை எழுதின நச்சினார்க்கினியர் முழுப் பாட்டையும் புறம் எண்டுட்டார்.

இங்க ஒரு டியூசன் கிளாஸ்ல கஷ்டப்பட்ட பிள்ள ஒண்டுக்கு உதவி கேட்டு, பேர் போடாமத்தான் போஸ்ட் போட்டவங்க. ஆனா ஊர், பள்ளிக்கூடம், தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதது எல்லாம் எழுதி. பொழுதுபடுறதுக்குள்ள யார்ட பிள்ள எண்டு ஊருக்கே தெரிஞ்சிட்டு, மறுகா அந்தப் பிள்ள ரெண்டு கிழமை பள்ளிக்குப் போகல்ல. பேர எடுத்தாங்க, வேம்ப விட்டுட்டாங்க. பெற்றோருக்கு இதத்தான் சொல்லணும்.

----
மட்டக்களப்பு டவுன்ல இருந்து:

சேர், வேம்புக் கதை மனசில நிக்குது. ஆனா அகம் எண்டா வீடும்தானே, அகவுரிமை எண்டா வீட்டுறுதி எண்டு நினைப்பாங்க. இன்னொண்டு, எல்லை எங்க? 2023ல அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிப்பணப் பட்டியலப் பேரோட ஒட்டினவங்க. வறுமையச் சுவர்ல ஒட்டுறது நோவுதான், ஆனா பேர் இல்லாட்டி யாருக்கு விடுபட்டது, யாருக்குப் பிழையாப் போனது எண்டு சனம் எப்பிடி ஆட்சேபிக்கிறது? 2016 தகவல் அறியும் சட்டத்திலயும் தனிப்பட்ட தகவலக் குடுக்காம விடலாம், பெரிய பொது நலன் இருந்தா குடுக்கணும். உரிமை எண்டு முடியிற சொல் அந்தத் தராசக் காட்டுதில்ல. ‘மறைவு’ எண்டு மட்டும் வெச்சா என்ன?

----
கல்லடி:

மறைவு எண்டா ஆள் செத்ததெல்லோ அண்ணன், பேப்பர்ல அப்பிடித்தானே வரும். நேரமில்ல. தனிமடல்லயும் சேத்து நாலு பேர் தனியுரிமை எண்டிரிக்கிறீங்க, அதையே தலைப்பில போடுறன். சேர்ட வேம்பு உள்ள வரும், அஸ்வெசும விசயம் கடைசிப் பக்கத்தில.

----
திருக்கோவில்:

போடுங்க மகள். நான் ஒத்துக்கொள்ளல்ல எண்டு மட்டும் இங்க கிடக்கட்டும். டேட்டா லீக்குக்கு இன்னும் சொல் வெக்கல்லத்தானே? அகப்பாட்டில நாலு பேர் குசுகுசுத்தா அம்பல், ஊரெல்லாம் தெரிஞ்சா அலர். ‘தரவலர்’ எண்டு எழுதிப் பாருங்க.